இரவு முழுக்கத் திறந்தால் சனம் கூடக் குடிக்குமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் நானும் கணவரும் ஓஃப்-லைசென்ஸ் கடை நடத்துகிறோம். காலை 8 மணியில் இருந்து இரவு 11 வரை மது விற்க அனுமதி இருக்கிறது. அடுத்த தெருவில் உள்ள பெற்றோல் ஷெட்டில் இப்போது 24 மணி நேரமும் விற்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இவரும் 24 மணி நேர லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று நிற்கிறார். “நாங்கள் பூட்டினால் குடிக்கிறவன் குடிக்காமலா விடுவான்? வேறு இடத்தில் வாங்குவான், அந்தக் காசை நாங்கள் ஏன் விட வேண்டும்?” என்கிறார். நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு இந்த நாட்டில் குடி குறைந்துதான் இருக்கிறது என்று எங்கோ வாசித்தாராம். எனக்கு மனம் ஒப்பவில்லை. நேரம் கூடினால் சனம் கூடக் குடிக்குமா? நாங்கள் பாவம் தேடுகிறோமா? இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. கடை பூட்டிக் கணக்கு முடித்ததும் இவர் விஸ்கி எடுக்கிறார். ஒரு அரைப் போத்தல் இரண்டு நாளைக்கு வரும். சனி ஞாயிறில் அதற்கு மேலும் போகும். கேட்டால் வேலை அலுப்புக்கு என்கிறார். என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பாவ புண்ணியம் என் துறை இல்லை. அதைக் கோயில் ஐயரிடம்தான் கேட்க வேண்டும். குடியால் நோயாளியானவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை, அந்த அளவில் சொல்கிறேன். கூச்சப்பட்டு எழுதிய கடைசி விஷயத்தைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். இருந்தாலும் உங்கள் ஒழுங்கிலேயே வருகிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம் 2005 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை பெரும்பாலான பப்களுக்கு இரவு 11 மணி, ஞாயிறில் பத்தரை. மணி அடித்ததும் கிளாஸில் இருப்பதைக் குடித்து முடிக்க 20 நிமிடம் தருவார்கள். அந்த இருபது நிமிடத்துக்காகவே பத்தே முக்காலுக்கு இரண்டு ரவுண்டை ஒன்றாக வாங்கி மேசையில் அடுக்குவார்கள். பிறகு ஊரில் உள்ள எல்லாப் பப்பும் ஒரே நேரத்தில் காலியாகும். டாக்சி வரிசையில் சண்டை, கபாப் கடை வாசலில் சண்டை. பொலிஸுக்கும் அம்புலன்ஸுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் தலைவலி. உங்கள் கடைக்கு இருக்கும் 8 முதல் 11 என்பதும் பழைய சட்டத்தில் கடைகளுக்கு இருந்த வார நாள் நேரம்தான்.

இந்த நேரக் கட்டுப்பாடு முதலாம் உலகப் போர்க்காலத்தில் வந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலை ஆட்கள் வெறியில் வேலைக்கு வருகிறார்கள், அல்லது வராமலே விடுகிறார்கள் என்று 1915இல் அரசு பப் நேரத்தை வெட்டத் தொடங்கியது. போர் முடிந்து எழுபது வருடம் ஆன பிறகும், 1988 வரை, இங்கிலாந்தில் பிற்பகலில் பப்பைப் பூட்டினார்கள். அப்போது இங்கே வந்து சேர்ந்த எங்கள் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2005இல் அரசின் நம்பிக்கை இதுதான்: அவசரப்படுத்தாவிட்டால் பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் போல இவர்களும் ஆறுதலாக இருந்து, சாப்பாட்டோடு, கதைத்துக்கொண்டு குடிப்பார்கள். எதிர்த்தவர்கள் நாடே வெறியில் மூழ்கப் போகிறது என்றார்கள். இரண்டும் நடக்கவில்லை. பப்கள் பூட்டும் நேரம் சராசரியாக அரை மணிக்கும் குறைவாகத்தான் பின்னால் போனது. 24 மணி நேர அனுமதி எடுத்தவை சிறு பங்கு, அதிலும் ஹோட்டல்களும் சூப்பர் மார்க்கெட்டுகளும் நிறைய. மான்செஸ்டரில் செய்த ஆய்வு ஒன்றில், நகரத்தில் அடிதடியின் மொத்த அளவு சட்டத்தால் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அதிகாலை 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் கூடியிருந்தது. உள்துறை அமைச்சு 2008இல் வெளியிட்ட மதிப்பீடும் ஏறக்குறைய இதையே சொன்னது. லண்டன் சென்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் 2005 மார்ச்சில் இரவு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் மதுவோடு தொடர்புள்ளவர்கள் 2.9 வீதம், அடுத்த ஆண்டு அதே மாதம் 8 வீதம். வேறு ஊர் ஆஸ்பத்திரிகளில் பார்த்தபோது இப்படியான ஏற்றம் தெரியவில்லை. சென்ட் தோமஸ் நகரத்தின் நடுவில், இரவு வாழ்க்கையின் மடியில் இருக்கிறது. இடம் மாறினால் விடையும் மாறும். இன்னொரு பக்கம், இளவயதினரின் வார இறுதி இரவு வீதி விபத்துகள் குறைந்தன என்று காட்டிய ஆய்வும் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே அவசரத்தில் காரில் ஏறாததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சரி, மொத்தக் குடி? அதுவும் குறைந்தது உண்மை. பிரித்தானியாவில் தலைக்கு எவ்வளவு மது என்ற கணக்கு 2004 அளவில் உச்சத்தில் இருந்து பிறகு இறங்கியது. ஆனால் சட்டத்துக்குப் பிறகு நடந்தது எல்லாம் சட்டத்தால் நடந்தது ஆகாது. 2008இல் பொருளாதாரம் சரிந்து ஆட்களின் கையில் காசு இல்லாமல் போனது. அதே ஆண்டில் இருந்து சில வருடங்களுக்கு மது வரி விலைவாசியை விட வேகமாக ஏறியது. இளம் பிள்ளைகள் தங்கள் பெற்றோரை விடக் குறைவாகக் குடிக்கத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அவர்களின் சிநேகிதரையும் பார்த்தாலே இது தெரியும்.

உங்கள் கணவர் வாசித்ததில் இல்லாத மற்றப் பாதி இது. மதுவால் மட்டுமே வரும் நோய்களில் (பெரும்பாலும் ஈரல் நோய்) பிரித்தானியாவில் 2019இல் இறந்தவர்கள் 7,565 பேர். 2023இல் 10,473. நாட்டின் சராசரி இறங்கியிருக்கிறது, சாவு ஏறியிருக்கிறது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் குடித்தது இதில் பெரிய பங்கு. ஆனாலும் சராசரியும் சாவும் எப்படி எதிர் எதிராகப் போக முடியும்? குடி சமமாகப் பங்கிடப்பட்ட ஒன்று இல்லை என்பதால். இங்கிலாந்தில் ஆகக் கூடுதலாகக் குடிக்கும் நூற்றுக்கு நான்கு பேர் அளவிலானவர்களே, குடிக்கப்படும் மொத்த மதுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குடிக்கிறார்கள். மற்ற 96 பேரில் பத்துப் பேர் குடியை விட்டாலும் இந்த நாலு பேரின் ஈரலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதனால் நேரம் கூடினால் சனம் கூடக் குடிக்குமா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலான சனம் குடிக்காது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஒரு போத்தல் வைன் வாங்கிப் போகும் ஆசிரியைக்கு நீங்கள் அதிகாலை 3 மணிக்குத் திறந்திருந்தால் என்ன, பூட்டியிருந்தால் என்ன. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கூடுதல் நேரத்தில் உங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு யார் வருவார் என்பதை. பப்பைப் பற்றிய ஆய்வுகளை வைத்து உங்கள் கடையை அளக்கவும் கூடாது. பப்பில் ஒருவன் தள்ளாடினால் ஊற்றுகிறவர் நிறுத்தலாம், சிநேகிதன் இழுத்துக்கொண்டு போகலாம். கடையில் வாங்குகிறவர் கதவுக்கு அப்பால் என்ன செய்கிறார் என்று பார்க்க ஆள் இல்லை. கடைகளுக்கென்றே செய்த சோதனை ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2010 மார்ச்சில் இருந்து 2017 டிசம்பர் வரை இரவு 10க்கும் காலை 5க்கும் இடையில் கடைகளிலும் பெற்றோல் ஷெட்டுகளிலும் மது விற்பனையைத் தடுத்தார்கள். பப்களும் உணவகங்களும் வழக்கம் போல நடந்தன. அப்படியிருந்தும் மிஞ்சிய குடியால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பதின்ம வயதினரும் இளைஞரும் நூற்றுக்கு ஏழு அளவில் குறைந்தார்கள். ஸ்கொட்லாந்தில் இன்றைக்கும் கடைகள் காலை 10க்கு முன்பும் இரவு 10க்குப் பின்பும் மது விற்க முடியாது. எடின்பரோவில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் அதற்குள்தான் பிழைப்பு நடத்துகிறார்கள்.

இரவு இரண்டு மணிக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, எங்கோ கொண்டாட்டத்தில் போத்தல் முடிந்து, இன்னும் வேண்டும் என்று வரும் இளைஞர் கூட்டம். அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வெறியில் இருப்பார்கள். வெறியில் இருப்பவர் என்று தெரிந்தும் அவருக்கு மது விற்றால், நான் முதலில் சொன்ன 2003 லைசென்சிங் சட்டத்தின் 141ஆம் பிரிவில் அது குற்றம், டில்லில் நிற்கும் வேலையாள் விற்றாலும். பகலில் இந்தப் பிரிவு உங்களுக்கு ஞாபகம் வர வேண்டிய தேவையே இல்லை. இரவு இரண்டு மணிக்கு அதுதான் உங்கள் முழு நேர வேலை. மாட்டேன் என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு வரும் வார்த்தைகளைக் கேட்க வேண்டும், சில வேளை போத்தல் பறப்பதையும் பார்க்க வேண்டும்.

மற்ற வகை என்னிடம் வருகிறவர்கள். அவர்கள் சத்தம் போட மாட்டார்கள். கடை எட்டுக்குத் திறந்தால் ஏழே முக்காலுக்கு வாசலில் நிற்பார்கள், மழையில் என்றாலும். நீங்கள் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். காசை உங்கள் கையில் தராமல் மேசையில் கொட்டிவிட்டு, எண்ணச் சொல்லி உங்களிடமே தள்ளுவார்கள். கை நடுங்குவது தெரியக்கூடாது என்பதற்காக. வைன், பிராண்டு, ருசி எதையும் பார்க்க மாட்டார்கள். ஒன்பது வீத பியர் இரண்டு டின், அல்லது மலிவான வெள்ளைச் சைடர் (அப்பிள் மது). முதல் டின் மூலை திரும்புவதற்குள் முடிந்துவிடும். பிறகு நடுக்கம் நிற்கும், அன்றைய நாள் தொடங்கும். என் நோயாளிகளிடம் கேட்டால் தங்கள் பகுதிக் கடைகள் திறக்கிற, பூட்டுகிற நேரங்களை பஸ் டைம்டேபிள் போல ஒப்பிப்பார்கள். எந்தக் கடை ஐந்து நிமிடம் முந்தித் திறக்கும் என்பது வரை.

உங்கள் கணவர் உடனே சொல்வார், “அவன் எப்படியும் வாங்குவான்” என்று. கடுமையாக அடிமைப்பட்டவரைப் பொறுத்தவரை அது சரிதான். காலைக்கென்று இரவே ஒரு போத்தலை கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் படுப்பவர்கள் அவர்கள். உங்கள் பூட்டு அவரைச் சுகப்படுத்தாது. திடீரென்று ஒன்றுமே கிடைக்காமல் போனால் வலிப்புக்கூட வரலாம். ஆனால் அந்த நிலைக்கு இன்னும் போகாத, போய்க்கொண்டிருக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு வீட்டில் போத்தல் முடிகிறது. சோபாவில் இருந்து எழுந்து, சப்பாத்துப் போட்டு, கடைக்கு நடக்க வேண்டும். கடை பூட்டு என்றால் திட்டிவிட்டுப் படுப்பார். திறந்திருந்தால் நடப்பார். நேரக் கட்டுப்பாடு உதவுவது இவருக்குத்தான். பெற்றோல் ஷெட் ஏற்கெனவே திறந்திருப்பதால் உங்கள் பூட்டின் பலன் குறைந்துவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே காரணத்தால் உங்கள் லாபமும் குறையும். ஒரே சில வாடிக்கையாளரை இரண்டு கடை பங்கு போட, ஒன்று மற்றதை விட விலையைக் குறைக்க, பிறகு இரவுச் சம்பளமும் கொடுத்து, என்ன மிஞ்சும் என்று இவரைத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் போடுவது பெரிய செலவு இல்லை. கட்டடத்தின் மதிப்பைப் பொறுத்து 100 பவுணில் இருந்து 635 பவுண் வரை. 2005இல் வைத்த கட்டணத்தை இன்னும் கூட்டவில்லை, இந்த நாட்டில் விலை ஏறாத அபூர்வப் பொருள். நேரத்தைக் கூட்டுவதைச் சிறிய மாற்றம் என்று காட்டிச் சுருக்கமாக முடிக்க முடியாது. முழு விண்ணப்பம் போட்டு, 28 நாட்கள் நீலத் தாளில் அறிவித்தல் ஒட்ட வேண்டும். பொலிஸ், கவுன்சில், அயலவர் எல்லோரும் எதிர்ப்புச் சொல்லலாம். பொதுச் சுகாதாரப் பணிப்பாளரும் கருத்துச் சொல்லலாம், ஆனால் இங்கிலாந்தில் சனத்தின் உடல்நலம் என்பதை மட்டும் காரணமாக வைத்து ஒரு லைசென்ஸை மறுக்க முடியாது. சட்டம் பார்ப்பவை நான்கு: குற்றம், பொதுப் பாதுகாப்பு, அயலாருக்குத் தொல்லை, சிறுவர் பாதுகாப்பு. ஸ்கொட்லாந்தில் ஐந்தாவதாக உடல்நலத்தையும் சேர்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இங்கேயும் சேர்த்திருக்க வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 24 மணி நேரம் கேட்க மாட்டேன். கணவரை முழுதாகத் தடுக்க முடியாது என்றால், வெள்ளியும் சனியும் மட்டும் நடுஇரவு வரை கேட்கச் சொல்லுங்கள். கடையை ஆறு மணிக்குத் திறந்து பாண், பால், பத்திரிகை விற்கட்டும், ஆனால் மது எட்டுக்கு முந்தி வேண்டாம். ஆறரை வீதத்துக்கு மேற்பட்ட பியர், சைடரை எடுத்துவிட முடியுமா என்று யோசியுங்கள். 2012இல் இப்ஸ்விச் நகரில் பொலிஸ் கேட்டதும் நிறையக் கடைக்காரர்கள் தாங்களாகவே அதைச் செய்தார்கள். இது எதுவும் செய்யாமல் இப்போது இருக்கிறபடியே இருந்தாலும் தவறில்லை. நீங்கள் சட்டப்படி நடத்தும் கடையை மூடச் சொல்ல நான் யார்? ஆனால் கூடுதல் நேரத்தின் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம்.

நாற்பது வீத விஸ்கி அரைப் போத்தல், அதாவது 35 சென்டிலீட்டர், 14 யூனிட் (குடிக்கும் மதுவை இங்கே அளக்கும் கணக்கு). இந்த நாட்டின் தலைமை மருத்துவர்கள் ஒரு முழுக் கிழமைக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று 2016இல் சொன்ன அளவும் 14 யூனிட்தான். அதை இவர் இரண்டு நாளில் முடிக்கிறார். கிழமைக்கு 49. சனி ஞாயிறில் கூடுகிறது என்கிறீர்கள், அப்போது 50ஐத் தாண்டுகிறது. ஆண்களுக்கு 50க்கு மேல் போனால் அதிக ஆபத்து என்ற வகையில்தான் நாங்கள் போடுவோம். இவர் தள்ளாடுவதில்லை, சண்டை போடுவதில்லை, விடிய எழும்பி கடைக்குப் போகிறார், அதனால் பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஈரலுக்கு ஒழுக்கம் தெரியாது. மது விற்கிற தொழிலில் இருப்பவர்களிடம் குடியால் வரும் சாவு கூட என்பது இங்கிலாந்தில் பப் நடத்துபவர்கள், பாரில் நிற்பவர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த விஷயம். சரக்கு கைக்கெட்டும் தூரத்தில், அதுவும் வாங்கின விலைக்கு. எங்கள் கடைக்காரரிடமும் இதைப் பார்க்கிறேன், அவர்கள் கதைப்பதில்லை, அவ்வளவுதான்.

இவர் இப்போது எப்போது தொடங்குகிறார்? ஷட்டரை இறக்கிக் கணக்கு முடித்த பிறகு. 11 மணிப் பூட்டு உங்கள் ஊருக்கு என்ன செய்கிறதோ தெரியாது, உங்கள் கணவரின் கையை பகல் முழுக்கப் பிடித்து வைத்திருக்கிறது. பூட்டாத கடைக்கு வேலை முடிகிற நேரம் இல்லை. இரவு ஷிஃப்டில் தனியாக, ஆள் வராத மூன்று மணிக்கு, பின்னால் தட்டு முழுக்கப் போத்தல்கள். 24 மணி நேர லைசென்ஸை நான் எதிர்க்க வேறு ஒரு காரணமும் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

ஆனால் இன்றிரவே போத்தலைப் பிடுங்கி ஊற்றிவிடாதீர்கள். முதலில் கவனியுங்கள். காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, ஓங்காளம் வருகிறதா, ஒரு மடக்குக் குடித்தால் அது நிற்கிறதா? இருந்தால் உடல் மதுவுக்குப் பழகிவிட்டது. திடீரென நிறுத்துவது ஆபத்து, ஜீபி (குடும்ப மருத்துவர்) மூலம் மருந்தோடு படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். வலிப்பு வந்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ, இல்லாததைக் கண்டதாகச் சொன்னாலோ உடனே 999க்குப் போன் எடுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் குறைப்பது இவ்வளவு கடினம் இல்லை. கிழமையில் மூன்று நாள் முழுதாக விடுவது, கடையில் இருந்து வீட்டுக்குப் போத்தல் கொண்டு வராமல் இருப்பது, விஸ்கியை கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுவது என்று தொடங்கலாம். கணக்கு முடிந்ததும் வெறும் வயிற்றில் கிளாஸைத் தூக்காமல் முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அந்த நேரத்துப் பசியும் அலுப்பும் குடிக்கும் ஆசை போலத்தான் தெரியும்.

‘ஓடிட்’ (AUDIT) என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. இரண்டு நிமிட வேலை. நீங்கள் கேள்வி கேட்க வேண்டாம், அது விசாரணை ஆகிவிடும். கையில் கொடுத்து அவரையே நிரப்பச் சொல்லுங்கள். புள்ளி 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலே சொன்னபடி குறைக்கலாம். 16 அல்லது அதற்கு மேல் என்றால் ஜீபியிடம் ஈரல் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். 20 அல்லது அதற்கு மேல் என்றால் உங்கள் பகுதி மது சேவைக்கு நேரே போன் எடுங்கள். இலவசம், பெரும்பாலான இடங்களில் ஜீபி கடிதமும் தேவையில்லை. தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் ஒழுங்கு செய்வார்கள். ஆனால் உங்கள் ஊர் சிறியது, வருகிறவர் தெரிந்த ஆளாக இருந்துவிடுவார் என்று கணவர் யோசித்தால், தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் வேறு ஊர்க்காரரைக் கேளுங்கள்.